சாவுக்கு இல்லாமல் ஒரு தடவை

சந்துரு மாமா ஆம்ப்ளிஃபயரின் ஒயரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறுபடியும் இழுத்தார். பிளக் கையோடு வந்தபோது அந்தப் பெட்டியின் சிவப்பு விளக்கு உடனே அணையாமல், ஒரு மூச்சு நேரம் யோசித்துவிட்டு, பிறகு அணைந்தது.

"கூடத்துல பவர் பிளக்கு இது ஒண்ணுதான்," என்றார் யாரிடம் என்று இல்லாமல். "பாட்டுப் பொட்டிக்கோசரம் தனியா லைன் இழுத்திருக்காரு பாரு மனுசன். ஃப்ரிட்ஜுக்குக்கூட இல்ல."

ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தவன் அதே துளைகளில் தன் பிளக்கைச் செருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்குள் தரணியின் அப்பா வெங்கடரமணன், தூர தேசம் போகும் ரயிலில் இடம் கிடைத்துவிட்டவர்போலப் படுத்திருந்தார். அவள் அவர் கால்மாட்டில் நின்றாள். நேற்று ராத்திரி திருப்பதியிலிருந்து கிளம்பும்போது உடுத்தியிருந்த அதே சுடிதார். அழுகை வருமென்று காத்திருந்தாள். அதற்குப் பதிலாகப் பசி வந்தது.

"அக்கா, கீதா பெட்டமண்ட்டாரா?" என்று பெட்டிக்காரன் அம்மாவைப் பார்த்துக் கேட்டான். "கீதா போட ஸ்பீக்கரு வண்டிலயே இருக்குது. தனியா சார்ஜ் இல்ல."

"வேணாம்!"

அம்மா யசோதா போட்ட சத்தத்தில் மூலையில் உட்கார்ந்திருந்த பெண்களின் ஒப்பாரி பாதியில் நின்றது. பெட்டிக்காரன் பயந்துபோய் சந்துரு மாமாவைப் பார்த்தான். மாமா அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

சித்தூரில் ஒரு வீட்டில் உயிர் போனால் முதலில் செய்யும் காரியம் அதுதான். கீதையின் சுலோகமும் தெலுங்கில் அதன் பொருளுமாக வரும் பழைய இசைத்தட்டை ஸ்பீக்கரில் போட்டு, வாசல் பக்கமாகத் திருப்பி வைத்துவிட வேண்டும். ஆள் விட்டுச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கனத்த குரல் தெருவில் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, யார் வீடு என்று தேடிக்கொண்டு எல்லாரும் வந்துவிடுவார்கள்.

நேற்று மத்தியானம் முழுக்க அது இந்த வீட்டில்தான் ஓடியது. ஒருவரும் வரவில்லை.

யசோதா தெருப் பெண்களோடு வேன் பிடித்து நாராயணவனம் கோயிலுக்குப் போயிருந்தாள். பொழுது சாயும் நேரம் திரும்பி வந்தவளுக்குத் தெருமுனையிலேயே சத்தம் கேட்டிருக்கிறது. "மானத்த வாங்காதய்யா, நிறுத்து!" என்று கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். புருஷன் கட்டிலில் படுத்திருப்பதைப் பார்த்தும் திட்டை நிறுத்தவில்லை. பெட்டியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்தாளாம். அதைத்தான் ராத்திரியிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பொணத்தத் திட்டினு இருந்தேன்டி. பொணத்த."

ஏன் ஒருவரும் வரவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. எதிர்வீட்டு ஜமீலா ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரணியிடம் அதைச் சொல்லி அழுதாள்.

"எனக்குத்தான் மொதல்ல கேட்டிச்சி பேட்டா. மத்தியானம் லுஹர் தொழுதுட்டுப் படுத்தேன், ஆரம்பிச்சிச்சி. அண்ணன் மறுபடியும் ஆல்பம் கேக்கறாருன்னுதான் நெனச்சேன். அன்னிக்கி மாதிரி மாலைய தூக்கினு ஓடி அசிங்கப்படணுமான்னு ஜன்னல சாத்தினேன். அப்பவும் கேட்டிச்சி. இடுக்குல பேப்பர சொருவினு தூங்கிட்டேன். யா அல்லா, நல்லா தூங்கிட்டேன்."

அன்னிக்கி என்பது இரண்டு மாதங்களுக்கு முன்னால். மாம்பழக் கூழ் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. உலகத்திலுள்ள நல்ல ஆல்பங்களை எல்லாம் ஒரு வரிசை போட்டு, ஒவ்வொன்றாக, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்து கேட்பது. அப்படி ஒருநாள் அந்த கீதைத் தட்டைப் போட்டுவிட்டார். கால் மணி நேரத்தில் தெருவே வாசலில் நின்றது. முதலில் ஜமீலா, கையில் மாலையோடு. பின்னால் ஆட்டோக்காரர், மளிகைக் கடைக்காரர், மேல்வீட்டு டீச்சர். அப்பா கதவைத் திறந்து, "இன்னா எல்லாரும்? உள்ள வாங்க, காப்பி சாப்டுங்க," என்றாராம். மார்க்கெட்டிலிருந்து வந்த யசோதா கூட்டத்தைப் பார்த்துப் பையோடு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தக்காளி சாக்கடைவரை உருண்டது. வாங்கி வந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டோவுக்கே போட்டுவிட்டார்கள். இதைப் போனில் கேட்டபோது தரணி ஆபீஸ் மாடிப்படியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "எந்தத் தரித்திரம் புடிச்சவன் இந்த மனுசனுக்கு இதக் குடுத்தான்னு தெரியல," என்றாள்.

இப்போது அந்தக் கேள்விதான் வீட்டில் வேறு உருவத்தில் நடமாடியது. நேற்று அதைப் போட்டது யார்?

"அவரு போட்டிருக்க மாட்டாரு," என்றாள் யசோதா. "எம்மேல சத்தியம் பண்ணியிருந்தாரு. இனிமே இந்த ஊட்ல அது ஓடாதுன்னு."

சந்துரு மாமா தங்கையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தரணியைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். பின்கதவின் தாழ்ப்பாளைக் காட்டினார். நேற்று அது திறந்திருந்தது. சிங்க்குக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர்களைத் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார். தட்டை எடுத்தார். ஒன்று காலி, அடியில் காப்பிக் கறை. இன்னொன்று நிறைய இருந்தது. மேலே ஆடை படிந்து, சுருங்கி, வயதான தோல்போல் இருந்தது.

"யாரோ வந்திருக்கான். உங்க நைனாகூட உட்கார்ந்து பேசினு இருந்திருக்கான். அப்பறம்தான் என்னமோ ஆயிருக்குது. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்னா உங்கம்மா ஒடம்ப அறுக்கக் கூடாதுன்னு குறுக்க நிக்கறா."

"எது காணாம போயிருக்குது மாமா?"

"ஒண்ணும் காணாம போவல. அதான் எனக்கு சந்தேகமே."

யசோதா வாசற்படியில் வந்து நின்றாள். அவள் கண் டம்ளர்மேல் இருந்தது. "அது நம்ம கல்யாண டம்ளரு. நாலே நாலு. பீரோவுலதான் இருக்கும். வர்றவங்க யாருக்கும் அவரு அத எடுத்ததில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "எவளுக்கு எடுத்தாரோ."

கூடத்தில் ஐஸ் பெட்டி நின்று, மறுபடி உறுமியது.

தரணிக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி அதன் கூட்டுக்குள் இருந்தது. கூடு மூடியிருந்தது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா கண்ணாடியைக் கூட்டில் வைத்ததே இல்லை. ஃப்ரிட்ஜின் மேல், பூந்தொட்டியில், ஒருமுறை அரிசிப் பானைக்குள். இருபது வருடமாக அம்மா அதற்காகத் திட்டியும் வைக்காதவர் நேற்று மட்டும் எப்படி வைத்தார்?

அப்பாவின் போன் அவளிடம் இருந்தது. அவர் அதற்குப் பூட்டு போட்டதில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கொய்யா மரத்தடியில் போய் உட்கார்ந்து திறந்தாள். வாட்ஸப்பில் எல்லாருக்கும் மேலே ஒரு பெயர் இருந்தது. 'பி சைடு', கேசட்டின் மறுபக்கத்தைச் சொல்வதுபோல. படம் இல்லை. எழுத்துச் செய்தி ஒன்றுகூட இல்லை. முழுக்க ஒலிச் செய்திகள்.

கடைசிச் செய்தி நேற்று மாலை வந்தது. கேட்கப்படாமல் இருந்தது. அழுத்தினாள்.

பஸ் இரைச்சல். பிறகு ஓர் ஆண் குரல், வயதானது, தணிந்தது.

"ரமணா... யாராச்சும் வந்தாங்களா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பஸ் மட்டும் ஓடியது.

தரணி போனைக் கல்லின்மேல் வைத்தாள். அவள் அப்பாவை 'ரமணா' என்று கூப்பிடுகிற மனிதன் ஒருவன் இருக்கிறான் என்பதே அவளுக்குத் தெரியாது. இவன்தான். வந்தவன் இவன்தான். என்ன நடந்ததென்று தெரிந்துதான் கேட்கிறான். மாமாவைக் கூப்பிட வாயெடுத்தாள். ஆனால் விரல் மேலே நகர்த்திக்கொண்டு போய், எங்கோ நடுவில் அழுத்திவிட்டது.

"கன்னையா, நீ குடுத்த அந்த ட்ரம்பெட்காரன முடிச்சிட்டேன்," என்றார் அப்பா.

அந்தக் குரலை இவ்வளவு பக்கத்தில் கேட்க அவள் தயாராக இருக்கவில்லை. அதைவிட, அது இவ்வளவு பேசும் என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் அவர் பேசியதெல்லாம் "துன்னியா?", "பஸ் கெடச்சிதா?", "அம்மாகிட்ட குடுக்கறேன்" மூன்றுதான்.

"அவன் ஊதறான்னு சொல்லாத. நடுவுல நிறுத்தறான் பாரு, அங்கதான்டா பாட்டு இருக்குது. ஊதறதெல்லாம் அந்த எடத்துக்கு வேலி கட்டறது. நாலாவது பாட்டுல எனுக்கு நம்ம பாய்லர் ரூம் வாசன வந்துடிச்சி. ஏன்னு கேக்காத."

கன்னையா. பெயர் எங்கோ ஒரு மூலையில் இடறியது. அடுத்ததை அழுத்தினாள்.

"இது இன்னாடா ஆல்பம்? நம்ம கூழ் ஃபேக்டரில டின்னு ஓடற சத்தம். ஜெர்மன்காரன் இதுக்கு துட்டு வாங்கறானா? நாம சம்பளம் வாங்கினு கேட்டோம்டா இத. பத்துக்கு ரெண்டு மார்க்."

பஸ் இரைச்சலில் கேட்ட அந்தக் குரல் பதில் சொன்னது: "ரூலு இன்னா? புடிக்கலன்னாலும் தாண்டக் கூடாது. நீ ஏழாவது பாட்ட தாண்டிட்ட. மெய்ய சொல்லு."

"தாண்டிட்டேன். மூத்திரம் வந்திச்சி."

தரணிக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே ஒப்பாரி மறுபடி ஏறியது.

ஒன்றுவிட்டு ஒன்றாக ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது கேட்கக் கேட்கப் புரிந்தது. ஒரு முறை இவர், ஒரு முறை அவர். முழுசாகக் கேட்க வேண்டும். கேட்டதும் மனசில் பட்டதைச் சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் விதி. பியானோ வாசித்துப் பாடும் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றி அப்பா சொன்னார்: "இவ அழுவல கன்னையா. அழுது முடிச்சி, மூஞ்சி கழுவினு வந்து பாடறா. யசோதா அப்படித்தான். அவ அழுது நான் பாத்ததில்ல, மூஞ்சி ஈரமா இருக்கறததான் பாத்திருக்கேன்." தரணி அதை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கொய்யா மரத்தில் ஏறும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நினைவு வந்தது. அவள் ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது, இதே துவைக்கிற கல் பக்கத்தில், கையில் கேசட்டோடு ஒருவர் வந்து நிற்பார். அப்பாவின் ஊர்க்காரர். நகரிக்குப் பக்கத்து ஊரில் இவர்கள் ஊர்த்தெரு, அவர் காலனி. ஃபேக்டரியில் இருவருக்கும் ஒரே ஷிப்டு. அவர் தண்ணீர் கேட்டால் அம்மா சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள், அவர் இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டில் அவரை எல்லாரும் கன்னையா என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவளும்கூட. ஒருநாள் அவர் வருவது நின்றுபோனது. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதிக்குப் போனாள். கன்னையாவின் குரல்.

"இந்த தடவ என் சான்ஸு. சிரிக்காத. சாவு ஊட்ல போடுவாங்களே கீதா தட்டு, அதான். எங்க காலனில அத யாரும் போட்டதில்ல. தூரத்துல உங்க தெருவுல ஓடும், காத்தடிக்கற பக்கம் அரைகுறையா கேக்கும். பெரிய பாட்டுக்காரன் ரமணா அவன். சாவுக்கு இல்லாம ஒரு தடவ, ஊட்டுக்குள்ள உட்கார்ந்தினு, ஆல்பமா கேட்டுப் பாக்கணும்னு ஆசை. நான் கேட்டுட்டேன். நீயும் கேளு."

அப்பாவின் பதில் இரண்டு நாள் கழித்து வந்திருந்தது. வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

"கேட்டேன்டா. முழுசா கேட்டேன். நல்ல பாட்டு. நாமதான் அதக் கொண்டுபோயி பொணத்துக்குப் பக்கத்துல வச்சிட்டோம். இயர்ஃபோன்லதான் கேட்டேன், வெளிய யாருக்கும் கேக்கல. யசோதாகூட ஒரு பக்கத்த காதுல வச்சினு உட்கார்ந்திருந்தா. நல்லா இருக்குதுன்னா."

"யசோதாம்மாவா? மெய்யாவா?"

"மெய்யா."

தரணி அதை இரண்டு தடவை கேட்டாள். தக்காளி உருண்டது, மாலை ஆட்டோவுக்குப் போனது, அம்மா சத்தியம் வாங்கியது, எதுவும் அதில் இல்லை. இந்தப் பட்டியல் முழுக்க அப்பா சொன்ன பொய் அது ஒன்றுதான். நண்பனின் ஆசை இந்த வீட்டில் என்ன பாடு பட்டது என்று அவனுக்குத் தெரியக் கூடாது என்று சொன்ன பொய்.

அப்பா பேசிய கடைசிச் செய்தி நேற்று காலையில். "யசோதா நாராயணவனம் போறா. வா, சேர்ந்து கேக்கலாம். திருப்பதி பஸ்ஸு காணிப்பாக்கம் கிராஸ் தாண்டினதும் போன் பண்ணு, காப்பி போட்டு வைக்கறேன்."

ஆக வந்தது கன்னையா. காப்பி அவருக்கு. கல்யாண டம்ளர் அவருக்கு. கீதைத் தட்டைப் போட்டதும் அவர். அவள் அப்பாவைக் கட்டிலில் போட்டுவிட்டு, பஸ் ஏறி, திருப்பதிக்குப் போய்விட்டார். அப்போது அப்பாவுக்கு மூச்சு இருந்ததா? ஒரு டாக்டரைக் கூப்பிட்டிருந்தால்? அந்தக் குடிக்காத காப்பியின் ஆடை அவள் கண்ணுக்குள் சுருங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்த வீட்டில் ஒருவர் மட்டும் காப்பியைக் குடித்திருக்கிறார். மற்றவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

எழுந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளில் ஆண்கள். அந்த எண்ணை அழுத்தி, காதில் வைத்தாள்.

தெருவுக்கு அந்தப்பக்கம் ஒரு போன் ஒலித்தது.

ஜமீலாவின் வீட்டுச் சுவரோரம், சாத்திய ஜன்னலுக்குக் கீழே, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் நின்றிருந்தார். கையில் பாலிதீன் பை. பைக்குள் மாலை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். அவர் முதுகு சுவரில் போய் மோதியது. போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு மிகவும் மெதுவாக, சுடுகிற பொருளைத் தூக்குவதுபோல, அதைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"ரமணா?" என்றது தரணியின் காதுக்குள்.

அவள் தெருவைக் கடந்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

"நான் தரணி."

"தெரியுது பாப்பா. அதே மூக்கு."

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றாள். அதனால் நேராகவே கேட்டாள். "நேத்து வந்தீங்க."

"வந்தேன்."

"நீங்க வந்தப்ப நைனா உசுரோட இருந்தாரா? உங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூலு இருக்குதில்ல. அதே ரூலுலதான் கேக்கறேன்."

அவர் போனைத் துண்டித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையில் அது சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கிராஸ் தாண்டசொல்ல போன் பண்ணேன். வா வா, காப்பி போடறேன்னான்... போடறேன்னாரு. பின்பக்கமா வந்தேன். எப்பவும் பின்பக்கமாத்தான். சேர்ல உட்கார்ந்தினு இருந்தாரு. கண்ணு தொறந்திருந்திச்சி. பாட்டு கேக்கறாருன்னு நெனச்சேன். அவரு கண்ணத் தொறந்துகினுதான் கேப்பாரு. நடுவுல பேசினா கோவம் வரும். அதனால நானும் எதிர்ல சத்தமில்லாம உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் பாத்தேன். பொட்டி ஓடல."

ஷாமியானாக்காரன் கம்பத்தில் அடித்தான். அவர் திடுக்கிட்டு அங்கே பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"தொட்டேன். சில்லுன்னு இருந்திச்சின்னு சொன்னா உனுக்கு நிம்மதி. ஆனா சூடாத்தான் இருந்திச்சி பாப்பா. கண்ணாடிய கழட்டி மூக்குகிட்ட வச்சேன். மூச்சு இருந்தா ஆவி புடிக்குமில்ல. புடிக்கல. சட்டைல தொடச்சிட்டு மறுபடி வச்சேன். புடிக்கல. எத்தினி தடவ வச்சேன்னு தெரியாது. அப்பறம் கூட்டுல வச்சி மூடினேன். தூக்கினு போயி படுக்க வச்சேன். லேசாத்தான் இருந்தாரு."

தரணி தன் சுடிதார் துப்பட்டாவின் நுனியைப் பார்த்தாள். "கத்தியிருக்கலாம். எதிர்லயே ஆளுங்க இருக்காங்க."

"கத்தத்தான் வந்தேன். கதவுவரைக்கும் வந்தேன்." அவர் எதிரே அந்தக் கதவைக் காட்டினார். "எங்க நைனாவுக்கு அதான் வேல. உங்க தெருவுல யாரு செத்தாலும் அவருதான் போவணும். செருப்பில்லாம தெருமொனைல நின்னு, 'சாமி, பெரியவரு பூட்டாருங்க'ன்னு கத்தணும். அப்பறம் வெளியூரு சொந்தத்துக்கெல்லாம் நடந்து போயி சொல்லணும். அந்த வேலைய செய்ய மாட்டேன்னுதான் நான் ஃபேக்டரிக்கு ஓடி வந்தேன். ஒருத்தருக்கும் இதுவரைக்கும் சொன்னதில்ல. நேத்து இந்தக் கதவாண்ட நிக்கறேன், வாய்ல அதே வார்த்த வந்து நிக்குது. ரமணனுக்கு என் வாயால அத..."

அவர் மாலைப் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"அதான் தட்டு சொல்லட்டும்னு போட்டேன். வாசப்பக்கம் திருப்பி வச்சி, முடிஞ்சா திரும்ப ஆரம்பிக்கற மாதிரி பண்ணி வச்சேன். அதுக்குத்தானே அது இருக்குது. ஆளுங்க வரசொல்ல நான் உள்ள இருந்தா இன்னா கேப்பாங்கன்னு உனுக்கே தெரியும்."

"எங்கம்மா சாயங்காலம்தான்..." என்று தரணி ஆரம்பித்தாள்.

"தரணி!" சந்துரு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். "யாரு இது? ரொம்ப நேரமா இங்கியே நின்னுகினு ஊட்டையே பாத்தினு இருக்காரு. யாருப்பா நீ? எந்த ஊரு?"

கன்னையாவின் கை பாலிதீன் பையை இறுக்கியது. மாலை கசங்கும் சத்தம் கேட்டது.

"நைனாவோட ஃப்ரெண்டு மாமா. ஃபேக்டரில ஒண்ணா வேல செஞ்சவரு. திருப்பதியிலேர்ந்து வர்றாரு."

"நேத்து இந்தப் பக்கம்..."

"மாமா, நேத்து நைனாதான் அத போட்டாரு. எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்காரு, இப்பதான் பாத்தேன். அம்மா இல்ல, கீதா கேக்கப் போறேன்னு. காத்துக்கு பின்கதவ தொறந்து வச்சேன்னும் சொன்னாரு."

"அப்ப அந்த ரெண்டு டம்ளரு?"

"ஆத்தி ஆத்தி வச்சி, ரெண்டு தடவையா குடிப்பாரு மாமா. உங்களுக்குத் தெரியாது."

மாமா அவளைப் பார்த்தார். கன்னையாவைப் பார்த்தார். அவர் நம்பினார் என்று சொல்ல முடியாது. ஆனால் வாசலில் பூ வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. "அப்ப ஸ்டேஷன் வேணாங்கற," என்றார். "உன் இஷ்டம்மா. உங்க நைனா." திரும்பி நடந்தார். பாதித் தெருவில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

ஐஸ் பெட்டியின் உறுமல் தெருவரைக்கும் கேட்டது.

"பாப்பா," என்றார் கன்னையா. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ராத்திரி பூரா அது ஒண்ணுதான் மண்டைல ஓடினு இருந்திச்சி. சத்தம் கேட்டு... ஆளுங்க ஒடனே வந்தாங்களா? ரொம்ப நேரம் தனியா கெடந்தாரா?"

தரணி வாயைத் திறந்தாள். அம்மா கேட்டிலிருந்து கத்திக்கொண்டு வந்தது நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அவருடைய விதிப்படியே.

"ஒடனே வந்துட்டாங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"கால் மணி நேரத்துல தெருவே வந்துடிச்சி. மொதல்ல இந்த ஊட்டு ஜமீலா ஆன்ட்டிதான். கையில மாலையோட. அப்பறம் ஆட்டோக்காரரு, மளிகக் கடக்காரரு, மேல்வீட்டு டீச்சரு. வாசல்ல நிக்க எடமில்ல. அம்மா வந்து கூட்டத்தப் பாத்துட்டு தெருவுலயே உட்கார்ந்துட்டாங்க. தக்காளியெல்லாம் உருண்டு போச்சி."

"தக்காளியா?"

"கோயில்லேர்ந்து வர்ற வழியில வாங்கின மார்க்கெட்டுப் பை."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். "நல்ல தட்டு அது," என்றார்.

"உள்ள வாங்க. முன்பக்கமா."

அவர் கூடத்துக் கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து, நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

"எங்க வாசல்ல கழட்டிக்கலாம் மாமா," என்றாள் தரணி.

பாதி கழன்ற செருப்புக்குள் அவர் கால் மெதுவாகத் திரும்பி நுழைந்தது. வார் பிடிக்கவில்லை. குனிந்தபடியே அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஜமீலாவின் ஜன்னல் சாத்தியே இருந்தது. இடுக்கில் செருகிய செய்தித்தாளின் ஒரு முனை வெளியே நீண்டு, காற்று வரும்போதெல்லாம் மரச்சட்டத்தில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்வதற்குள் அவரை அந்தப் பக்கம் நகர்த்திவிட வேண்டும் என்று தரணி அவர் கையிலிருந்த மாலைப் பையை வாங்கிக்கொண்டாள்.